அக்கா உட்கார்ந்து பார்த்த நாற்காலி

என் அக்காவுக்கு அவள் அலுவலகத்தில் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'திடீர்'. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பாள் என்பதால் வந்த பெயர். வீட்டோடு இருக்கும் வயதானவர்கள், படுத்த படுக்கையானவர்கள், கை கால் வராதவர்கள் இவர்களையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அனுப்பிய ஆட்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா, அந்த வீட்டில் ஆபத்து ஏதும் இருக்கிறதா என்று அவள் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். ஊரான் வீட்டுக் குளியலறையை எல்லாம் உரிமையோடு திறந்து பார்க்கச் சம்பளம் வாங்குகிற ஒரே பெண்பிள்ளை இவள்தான் என்று மாமா சொல்வார். மாமா என்றால் அவள் கணவர். அவள் பக்கத்தில் இல்லாதபோதுதான் இதைச் சொல்வார்.

நான் குழாய் வேலையும் மரவேலையும் பார்ப்பவன். அதே நிறுவனத்துக்குத்தான் குளியலறையில் கைப்பிடி மாட்டுவது, வாசற்படியைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி சரிவாக்குவது மாதிரியான வேலைகளைச் செய்து தருகிறேன். வேலையை வாங்கிக் கொடுத்தது அக்கா. அதை அவள் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது.

நிறுவனம் அவள் கையில் ஒரு டேப்லெட் கொடுத்து, கேட்க வேண்டிய கேள்விகளையும் அதில் போட்டுக் கொடுத்திருக்கிறது. உங்களை மரியாதையாக நடத்துகிறார்களா, நேரத்துக்கு வருகிறார்களா, மருந்து சரியாகத் தருகிறார்களா என்று போகும். அக்கா எல்லாவற்றையும் கேட்பாள், எல்லாவற்றுக்கும் டிக் அடிப்பாள், ஒன்றையும் நம்ப மாட்டாள். ஊட்டிவிடுகிற கை பக்கத்திலேயே நிற்கும்போது எவர் வாய் திறந்து குறை சொல்வார் என்பது அவள் கட்சி.

"கேட்டா நல்லா இருக்குன்னுதான்டா சொல்லுவாங்க. நாமதான் உட்கார்ந்து பாக்கணும்" என்பாள்.

பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே உட்காருவாள். இடது கை வராதவர் வீடென்றால் தன் இடது கையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் டம்ளரை எடுத்துப் பார்ப்பாள். பார்வை இல்லாதவர் வீடென்றால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கு நடப்பாள். வழியில் எதிலாவது முழங்காலை இடித்துக்கொண்டு, அந்தச் சாமானை அங்கே வைத்தவரின் பரம்பரையையே விசாரிப்பாள். நான் மாட்டிய கைப்பிடி என்றால் இரண்டு கையாலும் பிடித்து முழு எடையோடு தொங்குவாள். அவள் எடையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்கு இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியாக இருக்க வேண்டும். என் கைப்பிடிகளில் ஒன்றே ஒன்று டைல்ஸோடு பெயர்ந்து அவள் கையோடு வந்தது. அதை அப்படியே என் வீட்டுக்குத் தூக்கி வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வீட்டில் படுக்கையாய்க் கிடந்த தாத்தாவைச் சக்கர நாற்காலிக்கு மாற்றிவிட்டு, மெத்தை எப்படி இருக்கிறதென்று பார்க்கத் தானே படுத்தாள். முதல் நாள் அலைச்சல், கண் அசந்துவிட்டது. மருந்து வாங்கப் போயிருந்த பணிப்பெண் திரும்பி வந்து, ஒடிசலான தாத்தா கிடக்க வேண்டிய இடத்தில் போர்வைக்குள் ஒரு மலை ஏறி இறங்குவதைப் பார்த்துக் கூச்சல் போட்டுவிட்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த தாத்தா உதட்டில் விரல் வைத்து, இப்போதுதான் தூங்கினாள், எழுப்பாதே என்றாராம். அந்த மெத்தைக்கு அக்கா முழு மதிப்பெண் கொடுத்தாள்.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. அக்காவே வருஷக்கணக்கில் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பார்த்துக்கொண்டவள்தான். குளிப்பாட்டி, தூக்கி, திருப்பிப் படுக்கவைத்து அவள் முதுகு போய்விட்டது. இனித் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நிறுவனம் அவளை மேற்பார்வைக்கு மாற்றியது. அடுத்தவர் உடம்பைத் தன் உடம்பால் தெரிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை.

டிரைவிங் அம்மா வீட்டுக்கு அவள் போனதும் அப்படித்தான்.

டிரைவிங் அம்மா என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எனக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். ஒரு காய்கறி வண்டியும் ஒரு சுவரும் குறுக்கே வந்ததால் அந்த முயற்சி பாதியில் நின்றுபோனது. அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலம் குறைந்துவிட்டது. பேச்சு தெளிவாகவே இருந்தது. வாக்கர் பிடித்து மெல்ல நடக்க முடிந்தது. கணவர் இல்லை, தனி வீடு. ஒரே மகள் வெளியூரில் வேலை பார்த்தாள். காலையிலும் சாயங்காலமும் எங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்து பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு அலுவலகத்தில் 'நட்சத்திரம்' என்று பெயர். போகிற வீட்டிலெல்லாம் முழு நட்சத்திரம் வாங்குவாள். சுறுசுறுப்பு, சிரித்த முகம், கை வைத்த இடமெல்லாம் பளபளக்கும். டிரைவிங் அம்மா அவள் வருவதற்கு முன்னால் இரண்டு முறை விழுந்திருந்தார். இன்னொரு தடவை விழுந்தால் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன் என்று மகள் சொல்லிவிட்டாள், இடமும் பார்த்து வைத்துவிட்டாள். நட்சத்திரம் வந்த பிறகு அம்மா ஒரு தடவைகூட விழவில்லை. மகளுக்கு நிம்மதி. எங்கள் மேலாளர் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் அந்த வீட்டைத்தான் உதாரணம் சொல்வார்.

அக்கா அங்கே ஒரு காலையில் போய் நின்றாள். வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. மருந்து, சாப்பாடு, துணி, எதிலும் குறை இல்லை. அம்மாவைக் கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றார், சிரித்துக்கொண்டே. அக்கா டிக் அடித்து முடித்துவிட்டு, நான் இங்கேயே இருக்கிறேன், நீ தினமும் எப்படிக் கிளம்புவாயோ அப்படிக் கிளம்பு என்று நட்சத்திரத்திடம் சொன்னாள்.

நட்சத்திரம் அப்படியே செய்தாள். மேசையைத் துடைத்தாள். தண்ணீர் ஜாடி, போன், டிவி ரிமோட் மூன்றையும் அம்மாவின் வலது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். கடைசியாக வாக்கரை மடக்கி எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். அக்கா பார்க்கத்தான் வைத்தாள். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதுதான் அவள் நினைப்பு. வாக்கர் இருந்தால் அம்மா எழுந்திருப்பார், எழுந்தால் விழுவார். விழக் கூடாது என்றுதானே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்?

அவள் போனதும் அக்கா அம்மாவைக் கைத்தாங்கலாக சோபாவுக்கு மாற்றிவிட்டு, தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையை இடுப்பில் செருகினாள். இடது காலை நீட்டிப் போட்டாள். இனிச் சாயங்காலம் வரை இந்தக் காலும் கையும் என்னுடையதில்லை என்று அம்மாவிடம் சொன்னாள்.

நான் மதியத்துக்கு மேல் குளியலறைக் கைப்பிடியை இறுக்கிக் கொடுக்கப் போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே அக்கா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் ராணி மாதிரி இல்லை. விஷயம் என்னவென்றால், அவள் டீ குடிக்கிற ஆள். காலையில் அலுவலகத்தில் குடித்தது, வழியில் குடித்தது, நட்சத்திரம் போட்டுக் கொடுத்தது, எல்லாம் சேர்ந்து இப்போது வெளியே போக வழி கேட்டுக்கொண்டிருந்தன. குளியலறை கண்ணுக்கு எதிரே. பிடித்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை. உதவி செய்யட்டுமா என்று கேட்டேன், பேசாமல் வேலையைப் பார் என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிரைவிங் அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கிண்டல் மாதிரிதான் சொன்னார்.

"ஜாடி பக்கத்துல இருக்குன்னு குடிச்சுடாதேம்மா. நான் இந்தப் பொண்ணு போனதுக்கப்புறம் சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. குடிச்சா போகணும்ல?"

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவரையே பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து, முதலில் குளியலறைக்குப் போய் வந்தாள். திரும்பி வந்து, ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை, பதில் தயாராக இருந்தது. யாரிடம் சொல்வது? புகார் கொடுத்தால் இந்தப் பெண்ணை மாற்றிவிடுவார்கள். தங்கமான பெண், என்னைக் குழந்தை மாதிரிப் பார்க்கிறாள். மகளிடம் சொன்னால் அதற்குத்தான் அங்கே இடம் பார்த்து வைத்திருக்கிறேன் வா என்பாள். இந்த வீட்டில் இருக்க வேண்டுமானால் உட்கார்ந்த இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதானே, இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். சொன்ன விதத்தில் அழுகை எதுவும் இல்லை. எனக்குத்தான் கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சாயங்காலம் நட்சத்திரம் வந்தபோது வாக்கர் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா கத்தவில்லை. நான் பார்த்தவரை அவள் கத்தாமல் இருந்தது ரொம்ப அபூர்வம். நாற்காலியில் உட்கார்ந்து தான் பட்ட பாட்டைச் சொன்னாள், தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் பொலபொலவென்று அழுதாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரியவர் இவள் முறையின்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததாம். மறுநாளே இவளை வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்களாம். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை, விழ வழியில்லாமல் செய்வதுதான் என்றாள். அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். தப்பு உன்மேல் மட்டும் இல்லை, விழாத வீடு விழாத வீடு என்று கொண்டாடிய எங்கள்மேலும்தான் என்றாள்.

மேலாளருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வீட்டை ஏன் கலைக்கிறீர்கள், நாளைக்கு அந்த அம்மா விழுந்து மகள் புகார் கொடுத்தால் உங்கள் வேலைக்கு நான் பொறுப்பில்லை என்று போனில் தெளிவாகச் சொன்னார். மகளும் கொதித்துப்போனாள். அக்கா அவளிடம் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. வாக்கரைக் கொடுத்தால் விழ வாய்ப்பு இருக்கிறது, கொடுக்காவிட்டால் அவர் கட்டிப்போட்டவர் மாதிரிதான் என்று நேராகச் சொன்னாள். மகள் பதில் அதைவிட நேராக இருந்தது. சரி, உங்கள் இஷ்டப்படியே செய்யுங்கள், ஆனால் ஒரே ஒரு தடவை விழுந்தாலும் நான் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவேன், அதற்கு மேல் யாரும் எதுவும் பேசக் கூடாது.

பிறகு நடந்ததெல்லாம் அக்கா, நட்சத்திரம், நான் என்று எங்கள் மூவருக்கும் வேலை. நாற்காலியிலிருந்து குளியலறை வரை சுவரோரமாக நான் கைப்பிடி மாட்டினேன். அக்கா தொங்கிப் பார்த்தாள். கூடத்து விரிப்பைச் சுருட்டிப் பரணில் போட்டோம். அம்மாவின் செருப்பை மாற்றினோம். வாரத்துக்கு ஒரு முறை ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். கால் பலத்துக்கான பயிற்சியோடு, விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். முதலில் அப்படியே கிடந்து எங்கே வலிக்கிறதென்று பார்க்க வேண்டும். பெரிய வலி என்றால் அசையக் கூடாது, போன் போட வேண்டும். இல்லையென்றால் பலமுள்ள பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து ஒரு கனமான நாற்காலியைப் பிடித்து, முட்டி போட்டு எழ வேண்டும்.

இதை அக்கா செய்து காட்டுகிறேன் என்று முன்வந்தது ஒரு விபரீதம். தரையில் படுத்தவரை அழகாகத்தான் படுத்தாள். எழத்தான் முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. நானும் நட்சத்திரமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். டிரைவிங் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, முதல் கியரில் போடு, முதல் கியரில் போடு என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நட்சத்திரம்கூடப் பார்த்ததில்லையாம். அன்று அவர் ஜாடித் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

அக்காவால் முடியாததை அவர் கற்றுக்கொண்டார். மெத்தை போட்டு ஆரம்பித்து, பிறகு வெறும் தரையில். ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், விட மாட்டார். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பையைத் தைத்து அதில் போனைப் போட்டுக் கொடுத்தாள் நட்சத்திரம். வாக்கரை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் கிளம்பினாள். கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

அப்புறம் அம்மா விழுந்தார்.

பெரிய காரணம் ஒன்றுமில்லை. சமையலறையில் டீத்தூள் டப்பாவை எட்டி எடுக்கப் போனார், வாக்கரை விட்டு ஓர் அடி தள்ளிப் போய்விட்டார், இடது கால் மடங்கிவிட்டது. பட்டப்பகல், வீட்டில் யாரும் இல்லை. சாயங்காலம் நட்சத்திரம் வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தானே போட்ட டீ. முழங்கையில் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது, வேறு அடியில்லை. அந்தப் பெண் அக்காவுக்குப் போன் செய்து அழ, அக்கா என்னையும் கிளப்பிக்கொண்டு ஓடினாள்.

நட்சத்திரம் கெஞ்சினாள். முழுக்கைச் சட்டை போட்டால் கன்றியது தெரியாது, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அம்மாவுக்கு வீடு மிஞ்சும், அக்காவுக்கு வேலை மிஞ்சும், வாயை மூடிக்கொண்டிருப்பதில் யாருக்கு நஷ்டம்? அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் அவளும் உடனே டேப்லெட்டை எடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்த அம்மா நாளை இங்கே இருப்பாரா என்பது அவள் எழுதப்போகும் ஒரு வரியில் இருந்தது.

டிரைவிங் அம்மாதான் முடித்துவைத்தார். கழுத்துப் பையிலிருந்து போனை எடுத்து மகளை அழைத்தார்.

"நான் இன்னைக்கு விழுந்துட்டேன். நானே எழுந்துட்டேன். இப்போ டீ குடிச்சிட்டிருக்கேன்" என்றார்.

மகள் மறுநாள் காலையில் காரில் வந்து இறங்கினாள். கண் சிவந்திருந்தது, வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும். அக்காவும் நானும் நட்சத்திரமும் அங்கேதான் இருந்தோம். எங்களில் யாரையும் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேராகப் படுக்கையறைக்குப் போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் திறந்து வைத்து, அலமாரியிலிருந்து அம்மாவின் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். போகலாம்மா என்று மட்டும் சொன்னாள்.

"போகலாம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் உட்காரு. ஒண்ணு காட்டணும்" என்றார் அம்மா.

வாக்கரைத் தள்ளி வைத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தன்னைத் தரைக்கு இறக்கினார். மகள் பதறி எழுந்தாள். யாரும் தொடக் கூடாது என்றார் அம்மா, காரில் பக்கத்து சீட்டிலிருந்து சொல்வாரே அந்தக் குரலில். தரையில் முழுதாகப் படுத்துவிட்டார். எழுபது தாண்டியவர், நரைத்த முடி தரையில் கலைந்து கிடக்க, கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் கிடந்தார். பிறகு வலது பக்கம் புரண்டார்.

முழங்கை ஊன்றியது. கன்றிப்போன அதே முழங்கை. உட்கார்ந்தார். நாற்காலி பக்கமாக நகர்ந்தார். நட்சத்திரம் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா, ஆயுள் முழுக்க ஆட்களைத் தூக்கிவிட்டே பழகியவள், தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா முட்டி போட்டு எழும் நேரத்தில் கை வழுக்கிக் கன்னம் நாற்காலிப் பலகையில் இடித்தது. மகள் பாய்ந்தாள். அக்கா குறுக்கே போய் நின்றாள். அக்கா குறுக்கே நின்றால் யாரும் தாண்ட முடியாது.

"கொஞ்சம் பொறுங்க. அவங்க இன்னும் முடிக்கல" என்றாள் மெதுவாக.

அம்மா அப்படியே கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மறுபடி கையை ஊன்றினார். வலது பாதத்தைத் தரையில் பதித்தார். உடம்பு முழுக்க நடுங்கியது. எழுந்தார். திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து, கலைந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மகள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு பயமா இருக்கும்மா. போன் அடிச்சாலே நெஞ்சு அடைக்குது" என்றாள்.

"எனக்கும் பயம்தான்டி" என்றார் அம்மா. "தினமும் எழுந்திருக்கும்போது பயமாத்தான் இருக்கு. ஆனா பயப்படறதை நான் என் வீட்டுல இருந்தே பயப்பட்டுக்கறேன்."

மகள் ரொம்ப நேரம் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள். மடிப்பு சரியில்லை என்று அம்மா நாற்காலியிலிருந்தே திட்டினார்.